சுறாவின் பல்லும் சொத்தையாகும்: ஃபுளோரைடு உண்மையில் செய்யும் வேலை

சுறா மீனுக்குப் பல் சொத்தையாவதில்லை. கடலில் அது சர்க்கரை தின்பதில்லை, ஒரு பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து இன்னொன்று முன்னால் வந்துவிடும் என்பதெல்லாம் காரணங்கள். ஆனால் பல் ஆய்வாளர்களைக் கவர்ந்தது வேறொன்று. சுறாப் பல்லின் மேலோடு ஏறத்தாழ முழுக்க ஃபுளோரபடைட் என்ற கனிமத்தால் ஆனது. நம் பல்லின் மேலோட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு ஃபுளோரைடு அதில் உண்டு. ஃபுளோரைடு பல்லை உறுதியாக்கும் என்றால், உலகிலேயே உறுதியான பல் இதுவாகத்தானே இருக்க வேண்டும்?

1988-ல் ஓகார்ட் என்ற நார்வே ஆய்வாளரும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். சுறாப் பல்லிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளையும் மனிதப் பல் துண்டுகளையும், கழற்றி மாட்டக்கூடிய கருவியில் பதித்து, மனித வாய்க்குள் சில வாரங்கள் வைத்தார்கள். துண்டுகளின் மேல் கிருமிகள் வாழும் பற்படலம் சேரும்படி விட்டுவிட்டார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் சுறாப் பல்லும் அரித்திருந்தது. மனிதப் பல் அளவுக்கு இல்லை, ஆனாலும் தாதுவை இழந்து உள்ளே பள்ளம் பறிக்கத் தொடங்கியிருந்தது.

இந்தச் சோதனை பாடப்புத்தகங்களில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. பல்லுக்குள் ஃபுளோரைடைத் திணித்துக் கவசம் செய்துவிட்டால் போதும் என்று அரை நூற்றாண்டு காலம் நம்பிய ஒரு கருத்தை அது ஆட்டம் காண வைத்தது. ஃபுளோரைடு பல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தில் தினமும் கொஞ்சம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல் துலக்கும் விதம் முதல் குடிநீர் பற்றிய சண்டை வரை பலவற்றையும் இந்த ஒரு விஷயம் தெளிவாக்கிவிடும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. மிச்சம் நீரும் சிறிதளவு புரதமும். அந்தத் தாதுவின் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சில் என்ற சிறு தொகுதியும் அடுக்கடுக்காகச் சேர்ந்த படிகம். எலும்பிலும் இதே குடும்பத்துத் தாதுதான். ஆனால் எலும்பு முறிந்தால் உள்ளே இருக்கும் செல்கள் வந்து ஒட்டவைக்கும். எனாமலில் செல்லே கிடையாது. அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. வீட்டைக் கட்டிய கொத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டு நிரந்தரமாகப் போய்விட்ட மாதிரி.

அதனால் எனாமலுக்கு நடக்கும் நல்லது கெட்டது எல்லாமே வேதியியல்தான். வாயில் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன. ஈரத்தின் அமிலத்தன்மையைப் பொறுத்து, படிகத்திலிருந்து தாது கரைந்து வெளியே போகும் அல்லது வெளியிலிருந்து வந்து படியும். இந்த வரவு செலவு நாள் முழுக்க நடக்கிறது.

வாயில் வாழும் கிருமிகள் நூற்றுக்கணக்கான வகை. அவற்றில் சில, குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதும் லாக்டோபேசில்லஸ் இனங்களும், சர்க்கரை கிடைத்தால் மளமளவென்று அமிலம் செய்யும். அந்த அமிலத்தின் நடுவிலேயே வசதியாக வாழவும் தெரிந்தவை. பல்லின் மேல் வழுவழுவென்று ஒட்டியிருக்கும் பற்படலம்தான் அவற்றின் வீடு. 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் பிஎச் அளவு (அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; அது இறங்க இறங்க அமிலம் கூடும்) எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே அது சரசரவென்று இறங்கியது. பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடித்தது. அந்த வளைகோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பிஎச் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். இது எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. உமிழ்நீரில் எவ்வளவு கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கிறது என்பதைப் பொறுத்து கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல எண். இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். பல்லுக்கு எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்ற கணக்கைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்ற கணக்குதான் பெரிது. ஒரு பாட்டில் இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடிப்பவருக்கு ஒரு இறக்கம். அதையே மேஜையில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க ஒவ்வொரு வாயாக உறிஞ்சுபவருக்கு பிஎச் மேலே ஏறவே நேரம் கிடைக்காது.

அமிலம் முதலில் பிடிப்பது எனாமலின் பலவீனமான இடத்தை. நம் எனாமல் சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட் இல்லை. உருவாகும்போதே படிகத்தில் அங்கங்கே கார்பனேட் கலந்துவிடுகிறது. செங்கல் சுவரில் நடுநடுவே பச்சை மண்கட்டி வைத்துக் கட்டியது போல. கார்பனேட் உள்ள பகுதிகள் எளிதில் கரையும் என்பதால் அவைதான் முதலில் போகும். அப்புறம் உமிழ்நீர் வந்து அமிலத்தை நீர்க்கச் செய்து, பிஎச்சை மேலே ஏற்றி, கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து தருகிறது. படிகம் மறுபடி வளர்கிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் ஃபுளோரைடு இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

ஒன்று, வளர்ச்சி வேகமாகிறது. பாதி கரைந்த படிகத்தின் மேல் ஃபுளோரைடு ஒட்டிக்கொண்டு கால்சியத்தைத் தன்பக்கம் இழுக்கிறது. இரண்டு, புதிதாகப் படிவது பழைய சரக்கு இல்லை. கார்பனேட் வெளியேறிய இடத்தில் கார்பனேட் குறைந்த, ஃபுளோரைடு சேர்ந்த படிகம் வந்து உட்காருகிறது. ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சுற்றியும் மூன்று கால்சியம் அணுக்கள் முக்கோணமாக நிற்கும். ஹைட்ராக்சில் கொஞ்சம் பருமன் என்பதால் முக்கோணத்தின் நட்டநடுவில் அடங்காமல் சற்றே மேலோ கீழோ தள்ளி நிற்கிறது. ஃபுளோரைடு சிறியது. அந்தத் தளத்தின் மையத்திலேயே கச்சிதமாகப் பொருந்திவிடும். இந்தச் சின்னப் பொருத்தம்தான் படிகத்தை இறுக்கமாக்குகிறது. சுத்தமான ஃபுளோரபடைட் கரைய பிஎச் ஏறத்தாழ 4.5 வரை இறங்க வேண்டும். 5.5-க்கும் 4.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பிஎச்சில் ஒரு படி என்றால் அமிலத்தன்மை பத்து மடங்கு.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. அமிலத் தாக்குதல் நடக்கும் அந்த நேரத்திலேயே, எனாமல் படிகங்களுக்கு இடையில் உள்ள நுண்ணிய ஈரத்தில் ஃபுளோரைடு இருந்தால், அது படிகத்தின் மேற்பரப்பில் படர்ந்து கரைவதையே தடுக்கிறது. 5.5-க்கும் 4.5-க்கும் இடைப்பட்ட நிலையில் ஒரு விசித்திரம் நடக்கும். ஹைட்ராக்ஸிஅபடைட் கரைந்துகொண்டிருக்கும், அதே ஈரத்திலிருந்து ஃபுளோரைடு சேர்ந்த தாது படிந்துகொண்டும் இருக்கும். ஒரு பக்கம் இடிகிறது, இன்னொரு பக்கம் எழும்புகிறது. இதற்கெல்லாம் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிபிஎம் என்பதிலும் சிறு பின்னமே போதும் என்று சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது தாக்குதல் நடக்கும் நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும்.

இப்போது சுறாவுக்குத் திரும்பினால் விடை கிடைத்துவிடும். அதன் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கும் ஃபுளோரைடு, படிகம் கரைந்தால்தான் வெளியே வரும். பற்படலத்தின் அடியில் பிஎச் மிகவும் இறங்கியபோது அந்தக் கவசமும் கரைந்தது. உள்ளே பூட்டியதைவிட வெளியே ஈரத்தில் உலவும் கொஞ்சம் ஃபுளோரைடுக்குத்தான் மவுசு அதிகம்.

கிருமிகள் மீதும் ஃபுளோரைடுக்கு ஒரு வேலை உண்டு. அமிலச் சூழலில் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து கிருமியின் சுவரை ஊடுருவும். உள்ளே போனதும் பிரிந்து, சர்க்கரையை உடைக்கும் வேலையில் இருக்கும் ஈனோலேஸ் என்ற நொதியை முடக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாயில் வழக்கமாக இருக்கும் அளவுகளில் இதன் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. படிகத்தின் பக்கம் நடப்பதுதான் பிரதானம்.

கறைபடிந்த பற்களின் ஊர்

சரி, அப்படியென்றால் கவசம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது? அது முட்டாள்தனத்தால் வந்ததில்லை. கண்ணெதிரே தெரிந்ததை வைத்து வந்த நியாயமான ஊகம்.

1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மருத்துவமனை திறந்தார். வந்தவர்களில் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை. சிலருக்குப் பல் முழுக்கவே சாக்லேட் நிறம். அந்த ஊருக்குப் பின்னாளில் குடிவந்த பெரியவர்களுக்கு இல்லை; அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான். பன்றிக்கறி அதிகம் தின்பதால் என்றார்கள் சிலர், மட்டமான பால் என்றார்கள் சிலர். பல் மருத்துவர்கள் யாரும் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பல் மருத்துவ அறிஞரான ஜி.வி. பிளாக்கை எப்படியோ இணங்கவைத்து 1909-ல் ஊருக்கு வரவழைத்தார். உள்ளூரில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேருக்குக் கறை இருந்ததைக் கண்டு பிளாக் திகைத்துப் போனார். 1915-ல் இறக்கும் வரை அவர் இந்த ஆராய்ச்சியை விடவில்லை.

இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. பல் உருவாகும் வயதில்தான் இந்தக் கறை விழுகிறது. நிரந்தரப் பல் கறையில்லாமல் முளைத்துவிட்டால் அப்புறம் விழுவதில்லை. இரண்டாவது யாரும் எதிர்பார்க்காதது: அசிங்கமாகத் தெரிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

1923-ல் ஐடாஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊருக்கு மெக்கே போனார். பக்கத்திலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வரத் தொடங்கியது என்று அங்கே பெற்றோர் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் சிக்கவில்லை. இருந்தாலும் குழாயைக் கைவிடச் சொன்னார். ஊர்க்காரர்கள் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அடுத்து முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. தண்ணீரில் இருப்பது என்ன என்று தெரியாமலேயே, தண்ணீர்தான் காரணம் என்று நிரூபணமாகிவிட்டது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

விடை தந்தது ஒரு அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர். ஆர்கன்சா மாநிலத்தின் பாக்சைட் ஊர் அல்கோவா நிறுவனத்தின் சுரங்க ஊர். அங்கேயும் அதே கறை. அலுமினியப் பாத்திரம் விஷம் என்று ஏற்கனவே புரளி உலவிய காலம் என்பதால், பழி அலுமினியத்தின் தலையில் விழுமோ என்று தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சிலுக்குக் கவலை. வழக்கமாக யாரும் தேடாத பொருட்களையும் சேர்த்துத் தேடச் சொன்னார். 1931-ல் முடிவு வந்தது: தண்ணீரில் ஃபுளோரைடு 13.7 பிபிஎம். நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே எண்தான்.

அதன்பின் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டிரெண்ட்லி டீன், ஊர் ஊராகத் தண்ணீரையும் பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 1 பிபிஎம் வரை இருந்தால் கண்ணுக்கு உறுத்தும் கறை பெரும்பாலும் வருவதில்லை, ஆனால் சொத்தை கணிசமாகக் குறைகிறது என்று கண்டார். 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. உலகில் அதுவே முதல் ஊர். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அதற்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது.

கதையை இப்படிக் கேட்டால் யாருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும். பல் உருவாகும்போது ஃபுளோரைடு உடலுக்குள் போனால் கறை வருகிறது. அதே வழியில்தான் வலுவும் வருகிறது. அதனால் குழந்தைக்கு விழுங்கக் கொடு, மாத்திரையாகக்கூட கொடு. பல ஆண்டுகள் அப்படித்தான் கொடுத்தார்கள்.

இந்த முடிவில் பாதி சரி. கறை வருவது விழுங்குவதால், பல் உருவாகும் காலத்தில்தான். ஆனால் பாதுகாப்பில் பெரும்பங்கு, பல் முளைத்த பிறகு தண்ணீரும் உமிழ்நீரும் பல்லின் மேல் படுவதால் வந்தது. ஃபுளோரைடு சேர்த்த தண்ணீர் குடித்தவர்களின் எனாமலுக்கும் குடிக்காதவர்களின் எனாமலுக்கும் ஃபுளோரைடு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பின்னர் அளந்து பார்த்தபோது தெரிந்தது. நெதர்லாந்தில் 1953 முதல் குடிநீரில் ஃபுளோரைடு பெற்ற தீல் நகரத்தையும் பெறாத குலம்போர்க் நகரத்தையும் ஒப்பிட்டதில் இன்னொன்று புலப்பட்டது. எனாமலில் தொடங்கும் ஆரம்பப் புள்ளிகள் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. ஆனால் அவை உள்ளே இறங்கிக் குழியாவது தீலில் வெகுவாகக் குறைவு. ஃபுளோரைடு சொத்தையைத் தொடங்கவிடாமல் தடுப்பதைவிட, தொடங்கியதை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது.

பற்பசைக்குள் ஒரு சிக்கல்

தினமும் வெளியிலிருந்து கொஞ்சம் படுவதுதான் வேலை செய்கிறது என்றால், அதற்குப் பற்பசையைவிட நல்ல வாகனம் ஏது? ஆனால் அதைச் செய்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பல்லைத் தேய்க்கப் பற்பசையில் ஏதாவது தூள் வேண்டும். அன்றைக்கு வழக்கத்தில் இருந்தது சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட். ஃபுளோரைடைக் கண்டால் கால்சியம் விடாது. டியூபுக்குள்ளேயே இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடும். எந்த விருப்பத்தால் ஃபுளோரைடு பல்லில் ஒட்டுகிறதோ, அதே விருப்பமே பற்பசையைக் கெடுத்தது. பல்லுக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. ஆரம்பத்தில் செய்த ஃபுளோரைடு பற்பசைகள் சோதனையில் தோற்றது இப்படித்தான்.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் முல்லர் குழு, வெள்ளீயம் சேர்ந்த ஃபுளோரைடையும் அதோடு அதிகம் சண்டை போடாத தேய்ப்புத் தூளையும் சேர்த்து ஒரு வழி கண்டது. அதிலிருந்து வந்த கிரெஸ்ட் பற்பசை 1950-களின் நடுவில் கடைக்கு வந்தது. 1960-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அதற்கு ஒப்புதல் அளித்தது. பிறகு சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் வந்தது. அதில் ஃபுளோரைடு பாஸ்பேட்டோடு பிணைந்திருப்பதால் சுண்ணாம்பின் கையில் அகப்படாது. வாய்க்குள் வந்தபின் உமிழ்நீரின் நொதிகள் அதை அவிழ்த்துவிடும். சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்கா போட்டால் சாதாரண சோடியம் ஃபுளோரைடே போதும். உங்கள் டியூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றின் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த பல பத்துச் சோதனைகளைத் தொகுத்து 2003-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, ஃபுளோரைடு பற்பசை நிரந்தரப் பற்களில் சொத்தையைச் சராசரியாக 24 சதவீதம் குறைத்தது. கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே நடந்தவை. பல்லோ ஆயுள் முழுக்க வாயில் இருப்பது. 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நாம் சோப்பு, ஷாம்பூவோடு சேர்த்து வாங்கும் ஒரு பொருள், ஒரு கணக்குப்படி மருந்து.

மருந்து என்று நினைத்தால் துலக்கும் விதமும் மாறும். பல் துலக்கியதும் மூன்று நான்கு தடவை தண்ணீர் விட்டுக் களகளவென்று கொப்பளிப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். எனக்கும் அதுதான் பழக்கம். வாய் முழுக்க நுரையோடு இருந்தால் துலக்கிய மாதிரியே தோன்றாது. ஆனால் அந்தத் தண்ணீரோடு போவது சற்றுமுன் பல்லில் பூசிய மருந்து. நுரையை நன்றாகத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் விட்டுவிடுங்கள் என்றுதான் இப்போது பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முடியவே இல்லை என்றால் ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம். துலக்கிய பின் வாயில் மிச்சமிருக்கும் ஃபுளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து பல்லின் மேலும் பற்படலத்திலும் மிக நுண்ணிய துகள்களாகத் தங்கும். பிஎச் இறங்கும்போது அவை கரைந்து, தேவையான நேரத்தில் ஃபுளோரைடை விடுவிக்கும். டியூபுக்குள் வில்லனாக இருந்த அதே சேர்க்கை வாய்க்குள் சேமிப்புக் கிடங்காகிறது.

இரவுத் துலக்கலுக்கு ஏன் இத்தனை வலியுறுத்தல் என்பதும் இதிலேயே இருக்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது அநேகமாக நின்றுவிடும். பல்லைக் காக்கும் பிரதானக் காவலாளி விடுப்பில் இருக்கும் நேரம் அது. ஆனால் அதே காரணத்தால், படுக்கும் முன் வாயில் விட்ட ஃபுளோரைடும் சீக்கிரம் கழுவிப் போகாமல் நெடுநேரம் தங்கும். காலையில் ஒரு தடவை மட்டும் துலக்குவது என்று முடிவு செய்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து இழக்கிறார்கள்.

எவ்வளவு, யாருக்கு

பெரியவர்களுக்கான பற்பசையில் பொதுவாக 1000 முதல் 1500 பிபிஎம் வரை ஃபுளோரைடு இருக்கும். குழந்தைகளுக்கும் குறைந்தது 1000 வேண்டும், இல்லையென்றால் பலன் இருப்பதற்கான ஆதாரம் மெலிது. செறிவைக் குறைப்பதற்குப் பதில் அளவைக் குறைப்பதுதான் வழி. மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் தூரிகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுருள் சுருளாகப் பிதுக்கி வைப்பார்களே, அது பற்பசை விற்பவர்களுக்கு நல்லது. பெரியவர்களுக்கே அத்தனை தேவையில்லை.

குழந்தைகளுக்கு அளவு பார்ப்பது எதற்கென்றால், அவர்கள் துப்புவதைவிட விழுங்குவது அதிகம். எட்டு வயது வரை ஈறுக்குள் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபுளோரைடு அதிகமாக உள்ளே போனால், வளரும் எனாமலிலிருந்து புரதம் சரியாக வெளியேறாமல், மேற்பரப்புக்குக் கீழே நுண்ணிய துளைகள் தங்கிவிடும். லேசாக இருந்தால் வெள்ளைக் கோடுகள், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதிகமானால் அந்தத் துளைகளில் நிறம் ஏறி மெக்கே பார்த்த பழுப்புக் கறையாகும். பெரியவர்களுக்குப் பற்பசையால் இது வராது. அவர்களின் எனாமல் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது.

விஷமா என்று கேட்டால், அளவு மீறினால் விஷம்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அளவாகக் கருதப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1000 பிபிஎம் பற்பசையின் ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு. பட்டாணி அளவு என்பது ஏறத்தாழ கால் கிராம், அதில் கால் மில்லிகிராம். பத்து கிலோ எடையுள்ள குழந்தை ஆபத்தான அளவைத் தொட 50 கிராம், அதாவது 100 கிராம் டியூபில் பாதியைத் தின்ன வேண்டும். தினசரி துலக்கலில் நடக்காது. ஆனால் பழவாசனை போட்ட டியூபைக் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் நடக்கக்கூடியதே. அப்படி ஆகிவிட்டால் பால் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். பாலின் கால்சியம் வயிற்றில் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் அதே கால்சியம்.

நீண்டகாலம் அளவுக்கு மீறி விழுங்குவது வேறு கதை, இன்னும் கவலைக்குரிய கதை. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கிலும் இந்தியா, சீனாவின் சில பகுதிகளிலும் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தானாகவே அதிகம் கலக்கிறது. அங்கே பல்லில் கறையோடு நிற்காமல் எலும்புகளும் மூட்டுகளும் இறுகிப்போகும் நோய் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. இத்தகைய இடங்களில் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுப்பதுதான் பிரச்சினை, சேர்ப்பது இல்லை. பற்பசையில் நல்லது, தண்ணீரில் கெட்டது என்று ஒரே வாயால் சொல்கிறார்களே என்று குழம்புபவர்கள் உண்டு. ஒன்று பல்லின் மேல் பட்டுவிட்டுத் துப்பப்படுவது, இன்னொன்று ஆண்டுக்கணக்கில் லிட்டர் லிட்டராக உடலுக்குள் போவது. இரண்டும் ஒன்றில்லை.

அப்படியென்றால் ஃபுளோரைடு குறைவான ஊர்களில் தண்ணீரில் சேர்க்கலாமா? இதில் இப்போது உலகம் பிரிந்து நிற்கிறது. அமெரிக்கா 2015-ல் பரிந்துரை அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைத்தது. 2024-ல் அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம், 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகள் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைவதோடு தொடர்புள்ளவை என்று மிதமான உறுதியோடு சொன்னது; 0.7 பற்றி முடிவுசெய்யத் தரவு போதாது என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே யூட்டா, ஃபுளோரிடா மாநிலங்கள் தண்ணீரில் சேர்ப்பதைத் தடைசெய்தன. மறுபக்கம், 2011-ல் நிறுத்திய கனடாவின் கால்கரி நகரம் 2025-ல் மறுபடி தொடங்கியது.

என் பார்வையில், இந்தச் சண்டையில் இரு தரப்பும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. கிராண்ட் ராபிட்ஸில் 60 சதவீதம் குறைந்தபோது அங்கே யாரிடமும் ஃபுளோரைடு பற்பசை இல்லை. இப்போது இருக்கிறது. 1975-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்த 2024-ம் ஆண்டு காக்ரேன் தொகுப்பில், தண்ணீரில் சேர்ப்பதால் கிடைத்த பலன் ஒரு குழந்தைக்குச் சராசரியாக ஏறத்தாழ கால்வாசிப் பால்பல் குறைவாகச் சொத்தையாவது என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. தினமும் இரண்டு தடவை துலக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கூடுதலாகத் தருவது கொஞ்சம்தான். பற்பசை வாங்கவும் துலக்கிவிடவும் ஆளில்லாத குழந்தைக்கு அது நிறைய. சராசரியில் இந்த இரண்டு குழந்தைகளும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

ஃபுளோரைடால் முடியாதவையும் இருக்கின்றன. கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் இருக்கும் ஆழமான பள்ளங்களில் தூரிகையின் நார் இறங்காது, ஃபுளோரைடும் சரியாக இறங்காது. அதற்கு அந்தப் பள்ளங்களையே மெல்லிய பூச்சால் மூடிவிடுவது நல்லது. குளிர்பானத்தின் பிஎச் மூன்றுக்கும் கீழே இருக்கக்கூடும். அந்த அமிலத்தின் முன் ஃபுளோரபடைட்டும் நிற்காது. ஈறு நோய்க்கு அது மருந்தில்லை. குழி விழுந்துவிட்டால் அதை நிரப்பித் தராது. எந்நேரமும் இனிப்பை வாயில் வைத்திருப்பவருக்கு எவ்வளவு நல்ல பற்பசையும் பின்தங்கித்தான் ஓடும், ஏனென்றால் அது செய்வது மராமத்து வேலை, மராமத்துக்கு இடைவேளை வேண்டும்.

அந்த மராமத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். பல் மருத்துவர் பல்லைக் காற்றடித்து உலர்த்திப் பார்க்கும்போது, ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போல மங்கலான வெள்ளைத் திட்டு தெரியும். சொத்தையின் முதல் படி அது. மேற்பரப்பு உடையாமல் இருக்கும், அடியில் தாது குறைந்திருக்கும். இந்த நிலையில் துளையிட்டு அடைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. 22,600 பிபிஎம் செறிவுள்ள ஃபுளோரைடு வார்னிஷைத் தூரிகையால் தடவி, துலக்கும் முறையைச் சரிசெய்து, சில மாதம் கழித்து வரச் சொல்வார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மங்கல் போய்ப் பளபளப்பு வரும், சொரசொரப்பு போய் வழவழப்பாகும். வெள்ளை நிறம் மட்டும் பல சமயம் தழும்பாகத் தங்கிவிடும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கார்பனேட் போய் ஃபுளோரைடு ஏறிய அந்த இடம், ஒரு தடவைகூடச் சேதமாகாத பக்கத்து எனாமலைவிட அமிலத்தை நன்றாகத் தாங்கும்.